மூன்று முறை தணித்த கடிதம்

நற்சொல் வாரியம் எதற்காக இருக்கிறது என்று அங்கே வேலை பார்க்கும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள், அரை நாள் போய்விடும். நானே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்திலிருந்து வெளியே போகும் எந்தக் காகிதத்திலும் படிப்பவர் மனம் புண்படும்படி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதற்காக ஆறு மாடிக் கட்டடம், இருநூற்றுப் பத்து ஊழியர்கள், ஓர் இயக்குநர். மனம் புண்படும்படியான காரியங்களைப் பார்த்துக்கொள்ள வேறு துறைகள் இருக்கின்றன.

வாரியத்தின் உயிர்நாடி தணிப்புப் பிரிவு. கெட்ட செய்தி உள்ள கடிதம் எதுவானாலும் அங்கே மூன்று மேஜைகளைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். முதல் மேஜைக்காரர் உறுத்தும் சொற்களை எடுத்துவிட்டு வழவழப்பான சொற்களைப் போடுவார். இரண்டாம் மேஜைக்காரர் அதை ஆங்கிலத்தில் ஆக்குவார், ஏனென்றால் ஆங்கிலத்தில் சொன்னால் வலிக்காது என்பது வாரியத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. மூன்றாவது இயக்குநரின் மேஜை. அவர் ஒரு பாராட்டைச் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். ‘மின்சாரம் கிடையாது’ என்று உள்ளே போன தாள், ‘சூரிய ஒளியோடு மீண்டும் உறவாட ஓர் அரிய வாய்ப்பு’ என்று வெளியே வரும். ஒருமுறை ஓர் ஊழியரின் மாமனார் இறந்துபோனபோது வந்த இரங்கல் கடிதத்தில், ‘தங்கள் குடும்ப எண்ணிக்கை எளிமையாக்கப்பட்டமைக்கு வாழ்த்துகள்’ என்று இருந்தது. அந்த ஆள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். மாமியாரிடம் மட்டும் இன்னும் காட்டவில்லை.

கட்டடத்துக்குள்ளும் அதே சட்டம்தான். கழிப்பறைக்குத் ‘தன்னோடு தான் இருக்கும் அறை’ என்று பெயர் மாற்றியதிலிருந்து, மனுவோடு வரும் வெளியாட்கள் அதைத் தேடி நான்காம் மாடி வரைக்கும் ஓடுகிறார்கள். லிஃப்ட் கெட்டுப்போன நாட்களில் அதன் கதவில் ‘தியானத்தில் உள்ளது’ என்று பலகை தொங்கும். அலுவலகக் கண்காணிப்பாளருக்குத் தலையில் முடி கிடையாது. ‘வழுக்கை’க்கு மாற்றுச் சொல் தேடி ஒரு குழு நான்கு மாதம் உட்கார்ந்து, ‘விரிந்த நெற்றியர்’ என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்து அவரிடம் நீட்டியது. அவர், “எனக்கு வழுக்கைதான்யா, விடுங்க” என்று சொல்லிவிட்டார். தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்டதற்காக அவருக்கு மெமோ வந்தது. அதுவும் பாராட்டு மாதிரித்தான் இருந்தது.

இந்த வாரியத்தில் பெல் என்று ஒருவர் இருந்தார். இருந்தாரா, இருக்கிறாரா என்பதுதான் இந்தக் கதையின் தொல்லையே. மேஜை மணி அடித்த மறுநொடி வாசலில் வந்து நிற்பார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடங்களாக மாடிக்கு மாடி கோப்பு சுமந்தவர். எல்லா மேஜைகளுக்கும் தண்ணீர் கொண்டுபோய் வைத்தவர். சேரும்போது அந்தக் கட்டடத்தில் வேறு ஆபீஸ், அவர் அட்டெண்டர். வாரியம் வந்த பிறகு ‘அசைவு உதவியாளர்’ ஆனார், பிறகு ‘சீனியர் மொபிலிட்டி ஃபெசிலிடேட்டர்’ ஆனார். மூன்று பதவியிலும் தண்ணீர் ஜாடி அதேதான்.

ஒரு திங்கட்கிழமை மாலை அவர் கையில் ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது. கெட்டிக் காகிதம், ஓரத்தில் பொன்நிறப் பூங்கொடிச் சித்திரம், முழுக்க ஆங்கிலம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கல்லூரியில் படிக்கும் மகளிடம் கொடுத்தார்.

“அப்பா, உங்களப் பாராட்டியிருக்காங்கப்பா!” என்றாள் மகள்.

“எதுக்கு?”

“‘பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் தாழ்வாரங்களை உயிர்ப்போடு வைத்திருந்த உங்கள் பாதங்களுக்கு வாரியம் நன்றி சொல்கிறது’ன்னு போட்டிருக்கு.”

“பாதத்துக்கா?”

“பாதத்துக்குத்தான். அப்புறம், ‘யூ ஆர் ஹியர்பை வார்ம்லி ரிலீஸ்டு இன்டு யுவர் ஓன் பிரைட்னஸ்.’ அப்படின்னா, உங்களோட சொந்த வெளிச்சத்துக்குள்ள உங்கள ரொம்ப அன்பா விடறாங்களாம்.”

பெல் குனிந்து தம் பாதங்களைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவற்றை யாரும் விசாரித்ததில்லை. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் மனைவிக்கு பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. ‘பஸ் போயிடுச்சு’, ‘சீட் இல்ல’, ‘அடுத்தது ஆறு மணிக்கு’ என்று நாள் முழுக்கப் பேசிப் பழகியவள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“பூவெல்லாம் விடு. கடைசி வரியப் படி.”

“‘வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர் அறைச் சாவியையும் அடையாள அட்டையையும் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கவும்.’”

“வேலை போச்சு” என்றாள் மனைவி.

“ஏம்மா எப்பப் பாத்தாலும் நெகட்டிவா பேசறே?”

“பாராட்டறவன் எதுக்குடி சாவியக் கேக்கறான்?”

மகள் விடவில்லை. ஒருவேளை அப்பாவுக்குப் பெரிய அறையாகக் கொடுத்து, பெரிய சாவியாகத் தருவார்களோ என்னவோ என்றாள். பெல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

போதாக்குறைக்கு அன்றைக்கே மச்சான் போன் செய்தார். மனைவியின் அண்ணன், ஐஸ் ஃபேக்டரியில் மேஸ்திரி.

“மாப்ளே, தங்கச்சி சொன்னா. இங்க கேட்டைப் பாத்துக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் முதலாளிகிட்ட சொல்லி இழுத்துப் பிடிக்கறேன். அதுக்கு மேல முடியாது. வருவீங்களா, மாட்டீங்களா? ஒரே வார்த்தை சொல்லுங்க.”

அந்த ஒரே வார்த்தைதான் பெல்லிடம் இல்லை. வேலை போகாமலிருந்து, இவர் பாட்டுக்கு ஐஸ் ஃபேக்டரிக்குப் போய்விட்டால், சொல்லாமல் நின்ற குற்றத்துக்காகப் பத்தொன்பது வருட சர்வீஸும் அதோகதி. வேலை போயிருந்து, இவர் போகாமல் உட்கார்ந்திருந்தால், அதுவும் இல்லை இதுவும் இல்லை. உண்டா இல்லையா என்று ஆபீஸில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொன்னால் போதும். நாளைக்கே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தார், பாவம்.

செவ்வாய்க்கிழமை காலை வருகைப் பதிவேட்டைத் திறந்தால் அவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அடித்தல், கோடு போடுதல் எல்லாம் வன்முறை என்பதால் வாரியத்தில் பூ ஒட்டுவதுதான் வழக்கம். பெல் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார்.

“சார், பூ ஒட்டியிருக்கு.”

“அழகா இருக்கில்ல?”

“எனக்கு வேலை இருக்கா, போயிடுச்சா சார்?”

கண்காணிப்பாளர் நல்ல மனிதர். சொல்ல வேண்டும் என்று அவர் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவர். இன்னொன்று வந்தால் அவரையும் வெளிச்சத்துக்குள் விட்டுவிடுவார்கள். அதனால் பேசாமல் பெல்லின் தோளைப் பிடித்து ஜன்னலருகே கொண்டுபோய், கீழே வண்டி ஷெட்டைக் காட்டினார்.

ஷெட்டில் ஒரு நாற்காலி. அதில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். போன வருடம் அவருக்கும் இதே மாதிரி பொன்நிறக் கொடி போட்ட கடிதம் வந்தது. ‘இனி எல்லாச் சாலைகளும் உங்களுடையவை’ என்று அதில் இருந்ததாம். பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டார். யாரும் அதை மறுக்கவில்லை, மறுப்பதற்கு அங்கே சட்டம் இடம் கொடுக்காது. வண்டியை ஏலத்தில் விட்டு எட்டு மாதமாகிறது. மனிதர் தினமும் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒன்பதரைக்கு வந்து, வெறும் ஷெட்டில் ஐந்தரை வரைக்கும் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். புது வண்டி வரும் வரும் என்று மேலே சொல்லியிருக்கிறார்களாம்.

பெல் அந்த நாற்காலியையே பார்த்தார். இன்னும் மூன்று நாளில் தமக்கும் அங்கே ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது.

புதன்கிழமை மனித மலர்ச்சி அலுவலரின் அறைக்குப் போனார். ஆட்களை எடுப்பதும் அனுப்புவதும் அந்த அம்மாவின் பிரிவுதான். அறையெங்கும் இளமஞ்சள் வர்ணம். நாற்காலி இருந்த இடத்தில் பெரிய ரப்பர் பந்து. அதில் உட்காரச் சொன்னார். பெல் உருளாமல் உட்காரப் படாத பாடு பட்டார்.

“மேடம், ஒரே ஒரு கேள்வி. எனக்கு வேலை இருக்கா, இல்லையா?”

அலுவலர் கண்களை மூடி, நெஞ்சில் கை வைத்து, திறந்தார். “நீங்க கேட்ட விதத்துல எனக்கு ஒரு சின்ன காயம் ஆயிருக்கு. இருக்கட்டும், நான் அதைப் ப்ராசஸ் பண்ணிக்கறேன். ‘இருக்கா இல்லையா’ன்னு ரெண்டே ரெண்டு பெட்டிக்குள்ள வாழ்க்கைய அடைக்கறீங்க பாருங்க, அதுக்குப் பேரு பைனரி வயலன்ஸ்.”

“நான் யாரையும் அடிக்கல மேடம்.”

“வார்த்தையால அடிச்சீங்க. உங்களையே. யூ ஆர் பீயிங் வெரி ஹார்ஷ் டு தி யூ.”

“வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள என் மச்சானுக்கு நான் பதில் சொல்லணும் மேடம். வேலை போயிருந்தா போச்சுன்னு சொல்லிடுங்க. நான் அழமாட்டேன்.”

“இங்க யாருக்கும் எதுவும் போகறதில்ல. எல்லாம் ஃப்ளோ ஆகுது.” சொன்ன பிறகுதான் ‘இல்ல’ என்று வாய் தவறியது அவருக்கு உறைத்தது. உடனே மேஜையிலிருந்த சின்னப் புத்தகத்தில் தம் பேரிலேயே ஒரு குற்றம் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். “உங்க மனநிலை எப்படி இருக்குன்னு இதுல டிக் பண்ணுங்க.”

படிவத்தில் ஐந்து முகங்கள் இருந்தன. ஐந்தும் சிரித்தன. முதல் முகம் கொஞ்சம், ஐந்தாம் முகம் காது வரைக்கும்.

“அழற முகம் ஒண்ணு கூட இல்லையே மேடம்?”

“அதுக்குப் போன வருஷமே விடை குடுத்து அனுப்பிட்டோம். நல்ல ஃபங்ஷன் வெச்சு.”

பெல் இருப்பதிலேயே குறைவாகச் சிரித்த முகத்தில் டிக் போட்டார். ‘தன் விடுவிப்பில் மகிழ்ச்சியுடன் பங்கேற்றார்’ என்று ஒரு சான்றிதழ் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் மனைவி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“இதுலயாவது போட்டிருக்கானா?”

“இல்ல.”

“எத்தனை பேருங்க அந்த ஆபீஸ்ல?”

“இருநூத்திப் பத்து.”

“ஒருத்தனுக்குமா வாய் இல்ல?” என்றாள். கோபமாகத்தான் கேட்டாள், ஆனால் கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் கடிதத்தை எடுத்து, முதலிலிருந்து இன்னொரு தரம் மெதுவாகப் படித்தாள்.

வியாழக்கிழமை வாரியத்தின் பத்தாம் ஆண்டு விழா. அமைச்சர் வந்திருந்தார். மேடையில் கேட்டுவிடலாம், பத்துப் பேர் முன்னால் யாரும் மழுப்ப முடியாது என்று பெல் கணக்குப் போட்டார். ஆயிரம் பேர் முன்னால் மழுப்புவது இன்னும் சுலபம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

இயக்குநர் பேச எழுந்தார். நல்ல உயரம், வெள்ளி நரை, ஆண்டவனே இறங்கி வந்தாலும் சுற்றறிக்கை எண் கேட்கும் முகம்.

“பெரியோர்களே! நான் பொறுப்பேற்றபோது இந்த நாட்டில் பசி இருந்தது. இன்று அரசாங்கத் தாள்கள் அத்தனையும் அந்தச் சொல்லிலிருந்து விடுதலை பெற்றுவிட்டன!”

கைதட்டல்.

“நானூறு பள்ளிக்கூடங்களில் கூரை ஒழுகியது. ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். இன்று நானூறும் மழையோடு இணைந்த வகுப்பறைகள்! ஓர் ஓட்டைக்கூட மாற்றாமல் இதைச் சாதித்தோம். சென்ற ஆண்டு ஆற்றுப் பாலம் சாய்ந்தது, எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆம்புலன்ஸ் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனால் நம்முடைய தணிப்புப் பிரிவு? இருபதே நிமிடம்! இருபது நிமிடத்தில் அதைப் ‘பாலத்தின் கீழ்நோக்கிய ஓய்வு’ என்று அறிவித்துவிட்டோம். அந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நம்முடைய சொல்தான்! அதர்ஸ் ஆர் டூயிங் ஒன்லி த வொர்க். வீ ஆர் டூயிங் த ஃபுல் ஃபீலிங்!”

அமைச்சர் எழுந்து நின்று தட்டினார். அதனால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையேறிவிட்டார். தடுப்பது எதிர்மறை என்பதால் யாரும் தடுக்கவில்லை. மைக்கைப் பிடித்தார்.

“ஐயா, வணக்கம். பத்தொன்பது வருஷம் வேலை பாத்தவன். எனக்கு வேலை இருக்கா, இல்லையான்னு...”

மைக் தியானத்துக்குப் போனது. அவர் கையில் பூச்செண்டு ஒன்று திணிக்கப்பட்டது. காமிராக்காரர் வந்தார். அமைச்சர் ஒரு பக்கம், இயக்குநர் ஒரு பக்கம், நடுவில் வாயைத் திறந்தபடி பெல். படம் நன்றாக விழுந்தது. விழா அறிக்கையில் ‘பயனாளி ஒருவர் உணர்ச்சிப் பெருக்கில் நன்றி கூறினார்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பதினொன்றே கால் ஆயிற்று. பெல் சாவியையும் அட்டையையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கொடுத்துவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியாது. மச்சானிடமிருந்து இரண்டு அழைப்புகள் வந்துவிட்டன. எடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் எடுக்கவில்லை.

அப்போது இயக்குநரின் அறையில் மணி அடித்தது. வேலை உண்டோ இல்லையோ, கால்கள் எழுந்துகொண்டன.

உள்ளே இயக்குநர் தனியாக இருந்தார். எதிரே மேஜையில் ஒரு கடிதம். கெட்டிக் காகிதம், பொன்நிறக் கொடி.

“வாருங்கள், மாண்பமை ஃபெசிலிடேட்டர் அவர்களே” என்றார். வாரியத்தில் எல்லோரையும் அப்படித்தான் அழைக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தினார். “காலையிலிருந்து போன் வேலை செய்யல. மணியடிச்சா நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க. மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு லெட்டர். ரொம்பச் சிறப்பா எழுதியிருக்காங்க. ‘உங்கள் தொலைநோக்கை இந்தச் சிறு கட்டடத்துக்குள் அடைத்துவைத்தது நாட்டின் பிழை’ன்னு. என்னை வெளிநாட்டுத் தூதரா அனுப்பறாங்கன்னு நினைக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் கொஞ்சம்... இடிக்குது.”

“எதையாவது திருப்பிக் கேட்டிருக்காங்களா சார்?”

“காரை. குவார்ட்டர்ஸ் சாவியை.”

“எப்போ?”

“இன்னிக்கே.”

பெல்லுக்கு விளங்கிவிட்டது. இயக்குநருக்கு விளங்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் கடிதம் வேறெங்கும் தயாரானதல்ல. எந்தத் துறையின் கெட்ட செய்தியும் தணிப்புப் பிரிவு வழியாகத்தானே போக வேண்டும்? மேலிடம் பெயர் போடாமல் தாளை அனுப்பியது. முதல் மேஜை மாற்றியது. இரண்டாம் மேஜை ஆங்கிலமாக்கியது. மூன்றாம் மேஜைக்குப் புதன்கிழமை வந்தபோது, ‘நாட்டின் பிழை’ என்ற அந்த வரியை இயக்குநரே தம் கையால் சேர்த்து, நல்ல வேலை என்று ஓரத்தில் குறிப்பும் எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்து இப்போதும் கடிதத்தின் அடியில் அழகாகச் சுழித்துக்கொண்டு இருந்தது. பத்து வருடங்களாக மற்றவர்களுக்கு எழுதியவர், தமக்கு வந்ததும் பாராட்டை நம்பிவிட்டார்.

“இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் இயக்குநர்.

“தெரியும் சார்.”

“சொல்லுங்களேன்.”

“சொல்றேன். ஆனா முதல்ல எனக்கு நீங்க சொல்லணும். எனக்கு வேலை இருக்கா, இல்லையா? நீங்க சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்.”

இயக்குநர் தொண்டையைச் செருமினார். “வேலையோடான உங்கள் உறவு ஒரு புதிய...”

“சார், வேண்டாம்.”

“அதாவது, ஒரு அவுட்வர்ட் ப்ரமோஷன்...”

“சார், என் வீட்டுக்காரி பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் குடுக்கறா. பஸ் போயிடுச்சுன்னா போயிடுச்சும்பா. கேட்டவன் அடுத்த பஸ்ஸைப் பாக்கப் போயிடுவான். அந்த மாதிரி சொல்லுங்க.”

இயக்குநர் முயன்றார். உண்மையாகவே முயன்றார், குறை சொல்லக் கூடாது. உதடு குவிந்தது, விரிந்தது. நெற்றி வேர்த்தது. ‘உங்கள்’ என்று ஆரம்பித்து நின்றார். ‘இனிமேல்’ என்று ஆரம்பித்து நின்றார். எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது இல்லாமல் அவர் முகம் யாரோ சாதாரண மனிதர் முகம்போல ஆகிவிட்டது.

“போச்சுப்பா” என்றார்.

பெல் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார்.

“உன் வேலை போச்சு. நீ ஒரு தப்பும் பண்ணல. தண்ணி மெஷின் வாங்கினோம். ஃபைலெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. இனிமே ஆள் வேண்டாம்னு எழுதினதும் நான்தான்.”

“ஒரு தண்ணி மெஷினுக்காகவா சார்?”

“ஆமா.”

பெல்லுக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. பத்தொன்பது வருடம் ஏறி இறங்கிய மாடிப்படிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முழங்காலில் வந்து வலித்தன. ஆனாலும் திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்த கனம் இறங்கிவிட்டது. இனி அவர் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதில்லை.

“இதைத் திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமே சார்.”

“சொல்லியிருக்கலாம்” என்றார் இயக்குநர். பிறகு, “இப்ப நீ சொல்லு.”

பெல்லுக்கு ஒரு கணம் குறும்பு எட்டிப் பார்த்தது. உங்கள் பாதங்களுக்கு நன்றி என்று ஆரம்பிக்கலாம். பந்தில் உட்கார வைக்கலாம். ஐந்து முகம் வரைந்து நீட்டலாம். ஆனால் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தபோது மனம் வரவில்லை. அது நான்கு நாளாகத் தாம் கண்ணாடியில் பார்த்துவந்த முகம்.

“உங்களுக்கும் போச்சு சார்.”

இயக்குநர் கடிதத்தைப் பார்த்தார். தம் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தார். “நானே போட்டிருக்கேனே” என்றார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். “தூதர் வேலை...?”

“அதெல்லாம் கிடையாது சார்.”

“கிடையாதா” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுப் பல வருடங்கள் ஆனவர்போல, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

பெல் சாவியையும் அட்டையையும் மேஜையில் வைத்தார். அங்கேயே நின்று மச்சானுக்கு போன் போட்டார். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது.

“மச்சான், எனக்கு இங்க வேலை போச்சு. நான் வர்றேன்.”

“அப்பாடா! இதச் சொல்ல உங்களுக்கு நாலு நாளா? திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க மாப்ளே. லோடிங்குக்கும் ஒருத்தன் இன்னிக்கு நின்னுட்டான். தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தாக்கூட கூட்டிட்டு வாங்க.”

இயக்குநர் காதில் அது விழுந்துவிட்டது. பெல்லை நிமிர்ந்து பார்த்தார். வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். பெல்லுக்கு அது போதும், மணி அடிப்பதற்கு முன்பே புரிந்துகொண்டு பழகியவர்.

“மச்சான், இங்க எங்க டைரக்டர் இருக்கார். அவருக்கும் வேலை போச்சு. வரட்டுமான்னு பாக்கறார்.”

“டைரக்டரா? சரி, அவருக்கு என்ன வேலை தெரியும்னு கேளுங்க.”

பெல் போனைக் கையால் பொத்திக்கொண்டார். “சார், உங்களுக்கு என்ன வேலை தெரியும்னு மச்சான் கேக்கறார்.”

இயக்குநர் யோசித்தார். பத்து வருடம், ஆறு மாடி, மூன்று மேஜை எல்லாவற்றையும் யோசித்திருக்க வேண்டும். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். பிறகு, கேட்காமலே வந்துவிட்டதுபோல அந்தப் பதில் வந்தது.

“ஒரு வேலையும் தெரியாதுன்னு சொல்லிடுப்பா.”

பெல் போனைக் காதில் வைத்து, ஒரு சொல்லைக்கூடத் தணிக்காமல் அதை அப்படியே மச்சானிடம் சொன்னார்.